அமெரிக்காக்காரருக்குப் பந்து தெரியாது

1

அமெரிக்காவிலிருந்து விருந்தாளி வந்தால் முதலில் ஈபிள் கோபுரத்தைக் காட்டுவது மற்றவர்களின் வழக்கம். எங்கள் வழக்கம், வந்த அன்றே பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போய் றோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கிக் கொடுப்பது. என் தங்கையின் கணவர் குகனையும் இந்த யூலையில் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். மனிதர் நியூ ஜேர்சியில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறார். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை என்று, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் ஆரணியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் யாரோ இரண்டு நாட்டுக்காரர் உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் இருக்க இடமில்லை, எல்லோரும் நின்றபடிதான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடை முழுவதும் "ஐயோ" என்று தலையில் கை வைத்தது.

குகன் றோல்ஸைக் கடித்தபடி கேட்டார்: "மச்சான், ஒண்டும் நடக்கேல்லையே. ஏன் சனம் கத்துது?"

"கம்பத்திலை பட்டதெல்லோ."

"பட்டால் என்ன, புள்ளி குடுப்பினமோ?"

கல்லில் றொட்டி போட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, இவர் எவடம்?"

"அமெரிக்கா."

"அதுதானே பாத்தன்" என்று சொல்லிவிட்டு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, குகனின் தேநீரில் இன்னொரு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குகன் கெட்ட மனிதரல்ல. வன்னியில் பிறந்தவர், சின்ன வயதில் பந்து உதைத்தவர்தான். ஆனால் அதை மறக்க இருபது வருடம் போதுமாக இருந்திருக்கிறது. அன்றிரவு சாப்பிடும்போதும் அதையேதான் சொன்னார். "ஒண்டரை மணித்தியாலம் ஓடிப்போட்டு ஒண்டுமில்லையெண்டு வீட்டை போறதெண்டால், அது என்ன விளையாட்டு?"

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு வேறு கவலை இருந்தது.

2

எங்கள் ஊர் இலுப்பைத்தறை. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அது உங்கள் பிழையல்ல. எங்களுக்குத் தபாற்கந்தோர் நொச்சிவெளியில். பள்ளிக்கூடம் நொச்சிவெளியில். கிராம அலுவலரான விதானையாரும் நொச்சிவெளியில். பஸ் நிற்பதும் அங்கேதான். என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் நொச்சிவெளி என்று கிடக்கிறது. பிரான்சில் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது அதைப் பார்த்தே எழுதினார்கள், அதிலும் ஓர் எழுத்தை விழுங்கி. கார்த் என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்கப் பொபினிக் கந்தோருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பெண் அந்தப் பெயரை என் சொந்த ஊர் போல வாசிப்பார். நானும் தலையாட்டுவேன். விளக்கம் சொல்லப் போனால் கார்த் அல்லவா நின்றுவிடும்!

போதாக்குறைக்கு நான் கல்யாணம் கட்டியதும் நொச்சிவெளிப் பெண்ணைத்தான். வசந்தி நல்லவள். ஊர்க் கதை வந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள்.

எங்கள் பெயர் எங்களுக்கென்று இருந்தது ஓர் இடத்தில்தான், பந்தாட்டத்தில். இலுப்பைத்தறைக்கு ஒரு கழகம் இருந்தது. நெல் வெட்டிய வயல்தான் மைதானம். நொச்சிவெளியோடு ஆடும் நாளில் மட்டும் அவர்கள் எங்கள் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். யாரோடு ஆட்டம் என்று கேட்டால் வேறு என்னத்தைச் சொல்வது?

இங்கே பாரிஸிலும் அப்படியே தொடர்கிறது. ஊருக்கு ஒரு கழகம், யூலை மாதத்து ஞாயிறுகளில் புறநகர் மைதானத்தில் போட்டி. தகப்பனோ தாயோ அந்த ஊராக இருக்கவேண்டும் என்பது சட்டம். இலுப்பைத்தறைக் கழகத்துக்கு நான் செயலாளர், வேறு ஒருவரும் முன்வராத காரணத்தால்.

சில வருடங்களாக எங்களுக்கு அடிமேல் அடி. பொடியள் படிப்பு என்கிறார்கள், வேலை என்கிறார்கள், முழங்கால் என்கிறார்கள். மைதானம் கிடைப்பதும் கஷ்டமாகி, கழகங்களும் கூடிவிட்டன. போட்டிக் குழு ஒரு முடிவு எடுத்தது. இந்த வருடம் ஒரு புள்ளிகூட எடுக்காத கழகம் அடுத்த வருடம் பக்கத்து ஊரோடு சேர்ந்து, அந்த ஊரின் பெயரில் ஆடவேண்டும். குழுத் தலைவர் சின்னராசா அண்ணை, லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், சொந்த ஊர் நொச்சிவெளி. "சேர்ந்தால் என்ன தம்பி? பேப்பரிலை நீங்கள் எங்கடை ஆக்கள்தானே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

முதல் ஞாயிறு இரண்டு ஆட்டம், இரண்டிலும் தோல்வி. மிச்சம் ஒன்றே ஒன்று. யாரோடு என்று சொல்லவும் வேண்டுமா? வென்றாலோ சமநிலையில் முடித்தாலோ பிழைப்போம். தோற்றால் இலுப்பைத்தறை என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்வதற்கு உலகத்தில் ஓர் இடமும் மிஞ்சாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் நிரோஜன் நொச்சிவெளிக்கு ஆடுகிறான், முன்வரிசையில். தாயின் ஊர் என்பதால் சட்டப்படி சரி. ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "பப்பா, மே கொப்பன் எல்லாரும் அங்கை" என்றான். கூட்டாளிகள் என்பதற்குப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை ஓங்கப் பார்த்தது.

3

சனிக்கிழமை காலை எங்கள் கோல் காப்பாளர் தொலைபேசி எடுத்தார். கூசேன்வில்லில் இருப்பவர், விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலை. "அண்ணை, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிப் போட்டாங்கள். நான் என்ன செய்ய?" அவர் என்ன செய்வார்! வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வருமா? குசினியில் போய்க் கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு விளையாட்டுக்கோ மச்சான் இந்தக் கவலை?" என்றார் குகன்.

"இது விளையாட்டில்லை. உங்களுக்கு விளங்காது, பேசாமல் இருங்கோ" என்று கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். வசந்தி என்னை முறைத்தாள்.

அப்போதுதான் ஆரணி, பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தவள், "மாமா, நான் நிக்கிறன்" என்றாள்.

"எங்கை பிள்ளை நிக்கப்போறாய்?"

"கோலிலை. அங்கை யூனிவர்சிட்டிக்கு நான்தான் கோலி. கிளவுசும் கொண்டுவந்தனான்."

நான் குகனைப் பார்த்தேன். "ஓமோம், அவள் விளையாடுறவள்தான்" என்றார் அவர், வயலின் வகுப்புக்குப் போகிறாள் என்பது போல. "சின்னனிலையிருந்து ஒவ்வொரு சனியும் நான்தானே கொண்டுபோய் இறக்கிறது. கோப்பி வாங்கிக்கொண்டு காருக்குள்ளை இருந்திடுவன்."

"அப்ப மச் பாக்கிறேல்லையோ?"

"ஆர் பாக்கிறது? ஒருத்தரும் பாக்கிறேல்லை."

"எல்லாரும் விளையாடுவினம் மாமா, பாக்கிறதுதான் இல்லை" என்றாள் ஆரணி. அவளுடைய தமிழ் மெதுவாக வரும், சொற்களைத் தேடித் தேடி எடுப்பாள். "சின்னப் பிள்ளையள் எல்லாம் சாக்கர். பேரன்ட்ஸ் தோடம்பழம் வெட்டிக்கொண்டு வருவினம். தோத்தாலும் எல்லாருக்கும் ஒரு கப். பிறகு வளர, பொடியங்கள் வேறை கேமுக்குப் போயிடுவாங்கள். நாங்கள் கேர்ள்ஸ் நிண்டிட்டம்."

"பொடியங்கள் ஏன் போறாங்கள்?"

அதற்குக் குகன் பதில் சொன்னார். "அங்கை இலை கொட்டேக்கை ஒண்டு, குளிருக்கு ஒண்டு, வெயிலுக்கு ஒண்டெண்டு விளையாட்டு இருக்கு மச்சான். எல்லாம் தங்கடை சொந்தம். ரீவியிலை நடுவிலை நடுவிலை நிப்பாட்டி விளம்பரம் போடலாம், எழும்பிப் போய்ச் சாப்பிடலாம். உங்கடை பந்தை எங்கை செருகுறது? நல்லா ஆடோணுமெண்டால் காரிலை ஊர் ஊராக் கொண்டு திரியவும் வேணும். இல்லாதவன்ரை பிள்ளை எப்பிடி வரும்?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்கு இது இல்லாதவனின் ஆட்டம் அல்லவா? ஒரு பந்து இருந்தால் ஊரே ஆடும். இங்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் ஒரு மாலிக்காரன், ஒரு போர்த்துக்கீசன், ஒரு துருக்கியன். ஒருவன் மொழி மற்றவனுக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் ஞாயிறு ஆட்டத்தைக் கையாலும் காலாலும் நடித்துக் காட்டித்தான் நாங்கள் சிநேகிதரானோம். என் முதற் பிரெஞ்சுச் சொற்களில் பாதி மைதானத்துச் சொற்கள். தங்கை அமெரிக்கா போன புதிதில் வேலையிடத்தில் இதைப் பற்றிக் கதைக்கப் பார்த்தாளாம். அவர்கள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் வேறு எதையோ பற்றிச் சொன்னார்களாம். பாவம், அவள் வேறு கதை தேட வேண்டியதாயிற்று.

"சரி பிள்ளை, வெளிக்கிடு" என்றேன். நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லை.

4

ஆட்களை மாற்றுவதென்றால் சனிக்கிழமை பின்னேரம் சின்னராசா அண்ணையின் கடைக்குக் கீழேயுள்ள கிடங்கில் பதியவேண்டும். அரிசி மூட்டைகளுக்கும் தேங்காயெண்ணெய்த் தகரங்களுக்கும் நடுவில் மேசை போட்டுக் குழுவினர் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆரணி தலைமுடியை இழுத்துக் கட்டி, கையுறைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தேப்பன் எந்த ஊர்?"

"கிளிநொச்சிப் பக்கம். தாய் என்ரை தங்கச்சி, இலுப்பைத்தறை."

"தங்கச்சியின்ரை பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலை நொச்சிவெளி எண்டெல்லோ கிடக்கும்?" என்றார் ஒருவர்.

"அப்பிடியெண்டால் பிள்ளை எங்களுக்கு விளையாடலாம்" என்று சின்னராசா அண்ணை கண்ணடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, எங்கடை வீட்டுக் கிணறு எங்கை இருந்தது? நீங்கள் தண்ணி குடிச்சனீங்கள்தானே, சொல்லுங்கோ."

"றோட்டுக்கு அங்காலை."

"அங்காலை எந்த ஊர்?"

அவர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். "சரி, உங்கடை பக்கம்தான்."

அதோடு முடிந்ததா? அந்த ஒழுங்கையில் முதல் வீடு யாருடையது, வாய்க்கால் மதவு எந்த ஊருக்குச் சேர்ந்தது, தாய் வழியை எத்தனை தலைமுறைக்கு ஏற்பது, அமெரிக்காவில் இருப்பவர் பாரிஸ் போட்டியில் ஆடலாமா என்று கேள்விமேல் கேள்வி. தேநீர் வந்தது. அது முடிந்து இன்னொரு தேநீரும் வந்தது. ஒருவர் மேசையில் உப்பைக் கொட்டி ஊரின் படம் கீறினார். கடைசியில் எல்லோருக்கும் திருப்தி. பேனையைத் திறந்தார்கள். அப்போது பொருளாளர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"ஒண்டு கேக்கோணும். இது பொம்பிளைப் பிள்ளையெல்லோ?"

மற்ற நான்கு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. இவ்வளவு நேரமும் கண்ணுக்கு முன்னால் நின்றவளை அப்போதுதான் பார்க்கிறார்கள். என் தலையும் திரும்பியது என்பதை மறைக்கவில்லை. ஊரை நிரூபிக்கும் மும்முரத்தில் எனக்கும் அது தோன்றவில்லை.

"ஓம், பிறந்ததிலையிருந்து" என்றாள் ஆரணி.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். வயதுக்குச் சட்டம் இருந்தது. சப்பாத்துக்கு இருந்தது. கைகலப்புக்கு ஒரு பக்கம் முழுக்க இருந்தது. பெண் ஆடக்கூடாது என்று ஓரிடத்திலும் இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று நடக்கும் என்று எவரும் நினைத்ததேயில்லை. இவர்கள் மாட்டோம் என்றால் கதை முடிந்தது.

சின்னராசா அண்ணை புத்தகத்தை மூடிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அட விடுங்கோப்பா! அமெரிக்காக்காரருக்குப் பந்து தெரியாது. அதிலை பெட்டை. நாளைக்கு எங்கடை பொடியளுக்குக் கொஞ்சம் சுகம்." சொல்லிக்கொண்டே ஒப்பம் வைத்தார்.

படியேறும்போது, "என்ன சொன்னவர் மாமா?" என்று ஆரணி கேட்டாள்.

"உன்னைச் சேர்த்தாச்சாம்."

"இல்லை, எனக்கு விளங்கினது" என்றாள். கையுறைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் போனாள்.

5

ஞாயிறு நல்ல வெயில். திரான்சி மைதானத்தில் கொத்துறொட்டிச் சத்தமும் ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டிருந்தன. ஒலிவாங்கியைச் சின்னராசா அண்ணை எவருக்கும் கொடுக்க மாட்டார். தலைவரும் அவர்தான், அறிவிப்பாளரும் அவர்தான். வசந்தி நொச்சிவெளிப் பெண்களோடு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நானும் குகனும் இந்தப் பக்கம்.

தொடங்கியதும் குகனின் கேள்விகளும் தொடங்கின. "மச்சான், நேரம் ஏன் கூடிக்கொண்டு போகுது? எங்கடை விளையாட்டிலை குறைஞ்சு குறைஞ்சு பூச்சியத்துக்கு வரும், அதோடை சரி. இதிலை எப்ப முடியுமெண்டு என்னெண்டு தெரியும்?"

"நடுவருக்குத் தெரியும்."

"மற்றாக்களுக்கு?"

"தெரியாது."

"இதென்ன அநியாயம்!"

அநியாயம்தான். ஆனால் எனக்கு அது பழக்கப்பட்ட அநியாயம். நேரத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்துதானே இந்த நாட்டில் நான் பாதி ஆயுளைக் கழித்தேன்? கார்த் வரும்வரை அப்படித்தான். வென்றேன் என்று சொல்லவும் முடியாது, தோற்றேன் என்றும் இல்லை, இன்னும் கொஞ்சக் காலத்துக்குத் துரத்த மாட்டார்கள் என்று ஒரு பெருமூச்சு. அமெரிக்கர்களுக்குச் சமநிலை பிடிக்காது என்று குகன் சொன்னபோது அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெருமூச்சு தேவைப்படாமல் வாழ்ந்திருக்கிறார்கள், நன்றாக இருக்கட்டும். தங்களுக்கென்றே ஆட்டங்கள் வைத்திருக்கிறார்கள். தாங்களே ஆடி, தாங்களே வென்று, உலகச் சம்பியன் என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். இன்னொருவன் வாயால் தங்கள் பெயரைக் கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. எங்களுக்கு அதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஆட்டத்தைச் சொல்கிறேன். எங்கள் பொடியள் பாதி மைதானத்தைத் தாண்டவேயில்லை. பந்து முழுக்க எங்கள் கோல் வாசலில்தான். ஆரணி முதல் பந்தை உயரத்தில் எழும்பிப் பிடித்தாள். தற்செயல் என்று சிரித்தார்கள். அடுத்ததைக் குத்தி வெளியே தள்ளினாள். அதற்கடுத்ததைப் பக்கவாட்டில் பாய்ந்து விரல் நுனியால் தட்டினாள். சிரிப்பு நின்றது. அவள் எங்கள் பின்வரிசைக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்துவாள், அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் சொன்ன இடத்தில் போய் நின்றார்கள். வீட்டில் சொல் தேடித் தேடிக் கதைக்கிற பிள்ளையா இது?

குகன் எப்போது எழும்பி நின்றார் என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த றோல்ஸை மறந்துவிட்டார்.

பின்பாதியில் நிரோஜன் தனியாகப் பிய்த்துக்கொண்டு வந்தான். முன்னால் ஆரணி மட்டும். என் மகன், நான் நடை பழக்கியவன். எனக்குக் கண்ணை மூடவேண்டும் போலிருந்தது, மூடவில்லை. அவன் காலை ஓங்கிய அந்த நேரத்தில் அவள் கோல் வாசலை விட்டு ஓடிவந்து அவன் காலடியில் விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துவிட்டாள். அவன் அவளுக்கு மேலால் உருண்டு போனான். அந்தப் பக்கத்திலிருந்து வசந்தி "ஐயோ பிள்ளை!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. எந்தப் பிள்ளையை என்று பிறகும் நான் கேட்கவில்லை. ஆரணி எழும்பி அவனுக்குக் கை கொடுத்தாள். அவன் பிரெஞ்சில் ஏதோ சொன்னான், அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள்.

குகன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மச்சான், இவ்வளவு காலமும் நான் காருக்குள்ளை இருந்திட்டன்!" கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சரி, இப்ப பாருங்கோ."

"எப்ப முடியும்? ஐயோ, எப்ப முடியும்?"

"நடுவருக்குத்தான் தெரியும்."

"அறுந்த நடுவர்! ஊது மனிசா, ஊது!" என்று அமெரிக்காக்காரர் கத்தினார். மேலதிக நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. கோணரிலிருந்து ஒரு பந்து வந்தது, தலைகளுக்கு மேலால் இரண்டு கையுறைகள் மட்டும் தெரிந்தன, பந்து வெளியே போயிற்று. நடுவர் ஊதினார்.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் வந்தது, துடைக்கவுமில்லை.

"இனி என்ன, திரும்ப ஆடுவினமோ?" என்று குகன் கேட்டார்.

"இல்லை. முடிஞ்சுது."

"அப்ப ஆர் வெண்டது?"

"ஒருத்தருமில்லை."

"பின்னை ஏன் அழுறீர்?" என்று கேட்டார் அவர். அவருடைய கன்னத்திலும் ஈரம் வழிந்துகொண்டிருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. சின்னராசா அண்ணையின் குரல் வழக்கத்தைவிடத் தணிந்து வந்தது. "போட்டி முடிவு. இலுப்பைத்தறை பூச்சியம். நொச்சிவெளி பூச்சியம். இரண்டு கழகத்துக்கும் ஒவ்வொரு புள்ளி."

எழும்பி மைதானத்தைக் குறுக்கே கடந்து அறிவிப்பு மேசைக்குப் போனேன். அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன தம்பி?" என்றார்.

"அண்ணை, எனக்குச் சரியாக் கேக்கேல்லை. இன்னொருக்கா வாசியுங்கோ."

"உனக்கு நல்லாக் கேட்டது, கள்ளா."

"இல்லை அண்ணை. வாசியுங்கோ."

என்னை ஒரு முறை பார்த்தார். கையை எடுத்துவிட்டு, தொண்டையைச் செருமி, மைதானம் முழுவதும் கேட்கும்படி முதலிலிருந்து வாசித்தார்.